ஏஐ எழுதிய பதிலைக் கேள்வி-பதில் தளத்தில் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக கோட் எழுத வரும் தம்பி தங்கைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் பலருக்கு உதவும் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

கோட் எழுதுபவர்களுக்கான கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை வைத்துத்தான் பெரும்பாலும் பேசுகிறேன். 2008-ல் தொடங்கிய அந்தத் தளம் சாட்ஜிபிடி வெளிவந்த ஒரு வாரத்துக்குள்ளேயே அது எழுதும் பதில்களுக்குத் தடை போட்டது. அந்தத் தடையைச் சுற்றி நடந்த சண்டைகளும் நிறைய. மற்ற தளங்களைப் பற்றித் தேவையான இடத்தில் சொல்கிறேன்.

ஒரே வரியில சொல்லுங்க அண்ணா, சாட்ஜிபிடி பதிலை ஸ்டாக் ஓவர்ஃப்ளோல போடலாமா, கூடாதா?

கூடாது. சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 2022 நவம்பர் 30. டிசம்பர் 5 அன்று தடை அறிவிப்பு வந்துவிட்டது. அப்போது அதைத் தற்காலிகத் தடை என்றுதான் சொன்னார்கள், ஆனால் விலக்கிக்கொள்ளவில்லை. சாட்ஜிபிடிக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். ஜெமினி, கிளாட், கோபைலட் என்று எந்தக் கருவி எழுதித் தந்தாலும் இதே விதிதான். மீறினால் பதிலை நீக்குவார்கள், தொடர்ந்து செய்தால் கணக்கையே நிறுத்தி வைப்பார்கள்.

பதில் சரியா இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்? எதுக்கு இவ்வளவு கெடுபிடி?

சரியாக இருக்கிறதா இல்லையா என்பது போடுகிறவருக்கே தெரியாது, சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தடை அறிவிப்பில் சொன்ன காரணமும் இதை ஒட்டியதே: இந்தப் பதில்களில் தவறு அதிகம், பார்வைக்கு நல்ல பதில் போலவே இருக்கும், உருவாக்குவதும் ரொம்பச் சுலபம். மூன்றும் சேர்ந்ததால் பதில்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. ஒரு பதிலை உருவாக்க அரை நிமிடம் போதும். அதைச் சரிபார்க்க விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும், கோடை ஓட்ட வேண்டும், ஆவணத்தைப் புரட்ட வேண்டும். அரை மணி நேரம் சுலபமாகப் போய்விடும். அந்த நேரத்துக்கு அவருக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு தமிழ்ச் சொல்லில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று பைத்தானில் எப்படி எண்ணுவது என ஒருவர் கேட்கிறார் என்று வையுங்கள். "லென் (நீளம் எண்ணும் கட்டளை) பயன்படுத்துங்கள், எழுத்து எண்ணிக்கை கிடைக்கும்" என்று அழகான விளக்கத்தோடு ஒரு பதில் வருகிறது. கோட் பிழையில்லாமல் ஓடும். ஆனால் "தமிழ்" என்று கொடுத்தால் 5 என்று வரும். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் அந்தச் சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது, லென் எண்ணுவது அந்தக் குறியீடுகளை. நாம் எண்ணினால் எழுத்து மூன்றுதான். தமிழ் தெரியாத ஒருவர் ஆங்கிலச் சொல்லை வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு "சரியாக வேலை செய்கிறது" என்று அப்வோட் (ஆதரவு வாக்கு) போட்டுவிட்டுப் போவார். இந்த வகைத் தவறைப் பிடிக்க அந்தத் துறைக்குள் இருக்கிற ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் எப்போதுமே கொஞ்சம் பேர்தான்.

இதை அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தே பார்த்தார்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் 517 கேள்விகளை சாட்ஜிபிடியிடம் கேட்டதில் 52% பதில்களில் தவறான தகவல் இருந்தது. 77% பதில்கள் தேவைக்கு மேல் நீளம். என்னை உண்மையில் கவலைப்பட வைத்தது வேறொரு எண்: ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 39% நேரம் அந்தத் தவறுகளைக் கவனிக்கவே இல்லை. நடை தெளிவாக, மரியாதையாக இருந்ததால் நம்பிவிட்டார்கள். இது 2023-ன் ஏஐ மாதிரியை வைத்துச் செய்த ஆய்வு, பிறகு வந்தவை நிறைய முன்னேறிவிட்டன. ஆனால் தவறு குறையும்போது படிக்கிறவரின் எச்சரிக்கையும் சேர்ந்து குறைகிறது. மிச்சம் இருக்கிற தவறு இன்னும் ஆழத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

தப்புன்னா டவுன்வோட் போட்டா போச்சு. மனுஷங்களும்தான் தப்பா எழுதுறாங்க, அவங்களுக்குத் தடை இல்லையே?

டவுன்வோட் (எதிர் வாக்கு) போடுவது அவ்வளவு சுலபம் இல்லை. அதற்கு 125 ரெப்யூடேஷன், அதாவது தளத்தில் நீங்கள் சேர்த்த மதிப்புப் புள்ளி, வேண்டும். அப்வோட் போட 15 போதும். ஒரு அப்வோட் விழுந்தால் எழுதியவருக்கு 10 புள்ளி கூடும், ஒரு டவுன்வோட் விழுந்தால் 2 புள்ளிதான் குறையும். போட்டவருக்கும் 1 புள்ளி போகும். ஏமாந்த ஒருவர் கொடுத்த புள்ளியைச் சரிக்கட்ட விவரம் தெரிந்த ஐந்து பேர் தங்கள் கையிலிருந்து ஆளுக்கு ஒரு புள்ளி இழக்க வேண்டும். மனிதர்கள் எழுதும் வேகத்தை மனதில் வைத்து உருவான ஏற்பாடு இது. இயந்திர வேகத்துக்கு இது தாங்காது.

மனிதர் செய்யும் தவறுக்கு வேறொரு குணமும் உண்டு. அதற்கு ஒரு தடம் இருக்கும். பைத்தானில் தரவைக் கையாளப் பயன்படும் பாண்டாஸ் நூலகத்தை (தயாராக எழுதி வைத்த கோட் தொகுப்பு) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அட்டவணையான டேட்டாஃப்ரேமில் வரிசை சேர்க்கப் பயன்பட்ட அப்பெண்ட் என்ற கட்டளை, 2023 ஏப்ரலில் வந்த 2.0 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. அதைப் பயன்படுத்தச் சொல்லும் பழைய பதில்கள் தளத்தில் இன்னும் கிடக்கின்றன. ஆனால் அவற்றில் தேதி இருக்கும், கீழே யாராவது "இப்போது கான்கேட் பயன்படுத்துங்கள்" என்று எழுதியிருப்பார்கள், எழுதியவரே திருத்தியும் இருப்பார். கமெண்டில் "இதை ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். காப்பி-பேஸ்ட் செய்தவரிடம் அதே கேள்வியைக் கேட்டால் என்ன செய்வார்? மறுபடியும் ஏஐ-யிடம்தான் போவார்.

நான் ஓட்டிப் பாத்துட்டுத்தான் போடுறேன். அப்பவுமா கூடாது?

விதிப்படி அப்போதும் கூடாது. நீங்கள் ஓட்டிப் பார்த்தீர்களா இல்லையா என்று வெளியே இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. "சரிபார்த்தால் போடலாம்" என்று ஒரு கதவு திறந்தால் எல்லோரும் சரிபார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு அந்தக் கதவு வழியாகத்தான் வருவார்கள்.

நேர்மையாக உழைக்கிற உங்களுக்கு இது கடுப்பாக இருக்கும், அது எனக்குப் புரிகிறது. இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஏஐ கொடுத்ததை வைத்துப் பிரச்சினையைப் புரிந்துகொள்ளுங்கள். அதிகாரபூர்வ ஆவணத்தில் போய்ப் பாருங்கள், ஓட்டுங்கள், எல்லைகளில் உடைகிறதா என்று சோதியுங்கள். பிறகு அந்த ஜன்னலை மூடிவிட்டு, நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் கோடில், உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். எந்தப் பதிப்பில் ஓட்டினீர்கள், என்ன வெளிவந்தது, எந்த இடத்தில் இது வேலை செய்யாது என்பதையும் சேருங்கள். எழுத முடியாமல் தடுமாறினால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். அன்றைக்குப் பதில் போடாமல் விட்டுவிடலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

ஓட்டிப் பார்ப்பதிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். ஏஐ சொல்லும் பேக்கேஜ் (இறக்கிப் பயன்படுத்தும் கோட் தொகுப்பு) பெயரை அப்படியே இன்ஸ்டால் செய்யாதீர்கள். 16 ஏஐ மொழி மாதிரிகளிடம் 5,76,000 கோட் துணுக்குகளை எழுத வைத்து ஆராய்ந்த ஒரு ஆய்வு 2025-ல் வெளியானது. அவை பரிந்துரைத்த பேக்கேஜ்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று உலகத்திலேயே இல்லாதது. அந்த இல்லாத பெயரில் யாராவது கெட்ட நோக்கத்தோடு ஒரு பேக்கேஜைப் பதிவு செய்து வைத்திருந்தால், சோதித்துப் பார்க்கப் போன உங்கள் கணினியே மாட்டிக்கொள்ளும்.

என் இங்கிலீஷ் சுமார்தான். பதில் முழுக்க என்னோடது, மொழியை மட்டும் ஏஐ-ல திருத்திக்கலாமா?

இந்தப் பட்டியலிலேயே எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி இதுதான், ஏனென்றால் கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல விஷயம் தெரிந்தவர்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் விதி இதையும் சேர்த்தே தடுக்கிறது. ஏஐ-யிடம் கேள்வியைக் கொடுத்து பதில் வாங்குவதும் கூடாது, நீங்கள் எழுதிய பதிலை அதனிடம் கொடுத்து மாற்றி எழுத வைப்பதும் கூடாது. காரணம் இல்லாமல் இல்லை. "சில சமயம் லாக் ஆகும்" என்று நீங்கள் கவனமாக எழுதியதை அது "லாக் ஆகும்" என்று மாற்றிவிடும், நீங்கள் சொல்லாத ஒரு காரணத்தைச் சேர்த்துவிடும். ஆங்கிலம் சரளமாக வராதவர் அந்த மாற்றத்தைக் கவனிக்கும் வாய்ப்பும் குறைவு. தவிர, முடிவில் வருகிற நடை அசல் ஏஐ நடையாகவே இருக்கும். உங்கள் சொந்த உழைப்பு சந்தேகத்துக்குள்ளாகும்.

எழுத்துப்பிழை திருத்தும் கருவியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மற்றபடி உடைந்த ஆங்கிலத்தில் எழுதுங்கள், வெட்கப்படாதீர்கள். சின்னச் சின்ன வாக்கியம், கோட், வெளியீடு, பிழைச் செய்தி, அவ்வளவு போதும். மற்றவர்கள் உங்கள் பதிலைத் திருத்தலாம் என்பது அந்தத் தளத்தின் அடிப்படை வசதி. 2,000 ரெப்யூடேஷன் இருப்பவர் நேரடியாகத் திருத்துவார், குறைவாக இருப்பவர் திருத்தத்தைப் பரிந்துரைப்பார். என் இலக்கணத்தை முன்பின் தெரியாத பலர் இப்படிச் சரிசெய்து கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் திருத்தியதைப் பார்த்துத்தான் என் ஆங்கிலமும் ஓரளவு தேறியது. இந்த விதி சொந்தமாக ஆங்கிலம் பேசுகிறவர்களைவிட நம்மைப் போன்றவர்களை அதிகம் அழுத்துகிறது என்பது உண்மை. அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

கேள்வியை ஏஐ-ல எழுதலாமா? பதிலுக்குத்தானே தடை?

கேள்விக்கும் சேர்த்துத்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஏஐ கொடுத்த கோட் ஓடவில்லை என்றால், அந்தக் கோடைக் காட்டி "இது ஏன் ஓடவில்லை?" என்று கேட்பது வேறு விஷயம். அதில் கோட் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்பதை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். "ஏஐ இப்படிச் சொல்கிறது, சரியா?" என்று மட்டும் கேட்டால் மற்றவர்கள் தலையில் சரிபார்க்கும் வேலையைக் கட்டுவதாகத்தான் ஆகும்.

"இது சாட்ஜிபிடி சொன்னது"ன்னு மேலயே எழுதிட்டுப் போட்டா நேர்மைதானே?

நேர்மைதான், ஆனாலும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் நீக்கிவிடுவார்கள். சொல்லாமல் போட்டால் இன்னும் மோசம், பிறர் எழுத்தைத் தன் எழுத்தாகக் காட்டிய குற்றமும் சேரும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ சேர்ந்த ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் குடும்பத்தில் 170-க்கு மேல் தளங்கள் இருக்கின்றன. ஏஐ விஷயத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே விதி இல்லை. ஒவ்வொரு தளத்தின் உதவிப் பக்கத்திலும் அதன் கொள்கை இருக்கும், எழுதுவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள். ரெட்டிட்டில் வரலாற்றுக் கேள்விகளுக்கான ஆஸ்க்ஹிஸ்டாரியன்ஸ் ஏஐ பதில்களை அனுமதிப்பதில்லை. அங்கே பதில் எழுதுபவர் ஆதாரம் கேட்டால் காட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

சட்டம், மருத்துவம் பக்கம் போனால் மூலத்தைச் சொல்வது மட்டும் போதாது. ஏவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான ஒரு வழக்கில் நியூயார்க் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார்கள். அந்தத் தீர்ப்புகள் இல்லவே இல்லை. 2023 ஜூனில் நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். சட்டம் படித்தவர்களே ஏமாந்தார்கள் என்றால், ஜீவனாம்சம் பற்றியோ மாத்திரை அளவு பற்றியோ இரவு பதினொரு மணிக்குக் கேட்கிற ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? மேலே ஒரு வரி எச்சரிக்கை இருந்தாலும் அவர் கீழே இருப்பதைத்தான் எடுத்துக்கொண்டு போவார்.

ஒரு பதில் ஏஐ எழுதினதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. சந்தேகப்பட மட்டும் சில அடையாளங்கள் உண்டு. கேள்வியையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்லி ஆரம்பிப்பது, கேட்காத விஷயங்களுக்கும் எண் போட்டு விளக்குவது, கடைசியில் மொத்தத்தையும் சுருக்கிச் சொல்லி வாழ்த்தி முடிப்பது, இவையெல்லாம் எல்லோரும் கவனிக்கிறவை. இவற்றை நான் பெரிதாக மதிப்பதில்லை. இப்படி எழுதுகிற மனிதர்களும் இருக்கிறார்கள், ஏஐ-யிடம் "சுருக்கமாக எழுது" என்று சொன்னால் இந்த அடையாளங்களில் பாதி காணாமல் போய்விடும்.

எனக்கு உதவுவது உள்ளடக்கம்தான். கேள்வியில் ஒரு விசித்திரமான நிபந்தனை இருக்கும், உதாரணமாக, "சர்வரை ரீஸ்டார்ட் செய்ய எனக்கு அனுமதி இல்லை". பதில் அதைக் கண்டுகொள்ளாமல் மூன்றாவது படியில் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும். கோடில் அந்த நூலகத்திலேயே இல்லாத ஒரு ஃபங்ஷன் இருக்கும், இருந்திருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிற பெயரில். விளக்கம் ஒன்று சொல்லும், கோட் வேறொன்று செய்யும். அப்புறம் கணக்கின் வரலாற்றைப் பாருங்கள். பல மாதம் அமைதியாக இருந்தவர் ஒரே மாலையில் ரஸ்ட், எக்செல், குபெர்நெட்டிஸ், ஐஓஎஸ் என்று சம்பந்தமில்லாத துறைகளில் சில நிமிட இடைவெளியில் நீள நீளமான பதில்கள் போட்டிருப்பார். பழைய பதில்களின் நடையும் இன்றைய நடையும் ஒட்டாது. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். நாலைந்து சேர்ந்து வந்தால் கவனிக்கலாம். தளத்தை ஒழுங்குபடுத்தும் மாடரேட்டர்கள் பார்க்கும் அடையாளங்கள் இன்னும் உண்டு. தப்பிக்க வழி சொன்னதாகிவிடும் என்பதால் அவர்கள் எல்லாவற்றையும் வெளியே சொல்வதில்லை.

ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கிற டிடெக்டர்ல போட்டேன், 98% ஏஐ-ன்னு வருது. இது போதாதா?

போதாது. தயவுசெய்து இதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரி 31 அன்று ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. அவர்களே சொன்ன கணக்குப்படி ஏஐ எழுதியவற்றில் 26%-ஐத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியவற்றில் 9%-ஐத் தவறாக ஏஐ என்றது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள்.

அந்த எண்களை வைத்துக் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 1,000 பதில்கள் வருகின்றன, அதில் 100 ஏஐ எழுதியவை என்று வைப்போம். கருவி அந்த 100-ல் 26-ஐப் பிடிக்கும். மனிதர் எழுதிய 900-ல் 81-ஐயும் பிடிக்கும். ஆக, மாட்டிய 107 பேரில் 81 பேர், அதாவது நான்கில் மூன்று பேர், ஒரு தவறும் செய்யாதவர்கள். இப்போது கிடைக்கும் கருவிகள் இதைவிட நன்றாக இருக்கலாம். ஆனால் ஏஐ பதில்கள் குறைவாகவும் மனிதர் பதில்கள் அதிகமாகவும் இருக்கும் இடத்தில் இந்தக் கணக்கின் போக்கு இப்படித்தான் இருக்கும்.

அந்த 81 பேர் யார் என்பதையும் பாருங்கள். 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு டிடெக்டர்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபில் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளில் சராசரியாக 61%-ஐ அவை ஏஐ எழுதியதாகச் சொல்லின. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளில் இந்தப் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை. குறைந்த சொற்களில், எளிய வாக்கியங்களில் எழுதுவதை இந்தக் கருவிகள் இயந்திர நடை என்று எடுத்துக்கொள்கின்றன. நாம் பள்ளியில் கற்றுக்கொண்ட ஆங்கிலம் அதுதானே.

சந்தேகம் வந்தா நான் என்ன பண்ணணும்? கமெண்ட்ல "இது ஏஐ"ன்னு போட்டுடவா?

போடாதீர்கள். உண்மையாக இருந்தால் அவர் உஷாராகிவிடுவார், பொய்யாக இருந்தால் ஒரு நல்ல ஆளை அவமானப்படுத்தியதாகிவிடும். இரண்டிலும் லாபமில்லை.

முதலில் பதிலை பதிலாகவே பாருங்கள். தவறு இருந்தால், "மூன்றாவது வரியில் சொல்லும் ஃபங்ஷன் இந்த நூலகத்தில் இல்லை" என்று கமெண்டில் குறிப்பாக எழுதுங்கள், டவுன்வோட் போடுங்கள். யார் எழுதியிருந்தாலும் அது நியாயமான நடவடிக்கை. பின்னால் படிக்க வருகிறவருக்கும் உதவும். அதற்கு மேல் சந்தேகம் இருந்தால் மாடரேட்டர் கவனத்துக்கு என்று இருக்கும் ஃப்ளாக்கை (புகார்க் குறி) பயன்படுத்துங்கள். அதில் "ஏஐ மாதிரி இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. இல்லாத ஃபங்ஷனின் பெயர், கேள்வியோடு பொருந்தாத இடம், ஒரே மாலையில் வந்த மற்ற பதில்களின் இணைப்பு என்று நீங்கள் கண்டதை இரண்டு மூன்று வரியில் எழுதுங்கள். ஒரே ஆளின் பத்துப் பதில்களையும் தனித்தனியாக ஃப்ளாக் செய்ய வேண்டாம். ஒன்றில் எல்லாவற்றையும் குறிப்பிட்டால் போதும். அப்புறம் முடிவை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

நானே ராத்திரி முழுக்க உக்காந்து எழுதினது. ஏஐ-ன்னு சொல்லித் தூக்கிட்டாங்க. என்ன செய்றது?

கோபம் வரும், வராமல் இருக்காது. ஆனால் உடனே அதே பதிலை மறுபடி போடாதீர்கள், புதுக் கணக்கு தொடங்கவும் வேண்டாம். இரண்டும் உங்களுக்கு எதிராகத்தான் முடியும். நீக்கிய பதில் உங்கள் கண்ணுக்குத் தெரியும், அதிலேயே மாடரேட்டருக்கு ஃப்ளாக் வழியாக எழுதலாம். கணக்கை நிறுத்திவைத்ததாகச் செய்தி வந்திருந்தால் அந்தச் செய்திக்கே பதில் எழுதலாம்.

"நான் ஏஐ பயன்படுத்தவில்லை" என்று சத்தியம் செய்வதைவிட, எழுதியவரால் மட்டுமே சொல்லக்கூடியதைச் சொல்லுங்கள். எந்தச் சூழலில் ஓட்டினீர்கள், முதலில் எந்த வழி தோற்றது, ஏன் இந்த வழிக்கு வந்தீர்கள், சோதித்த கோப்பு எங்கே இருக்கிறது என்று விவரமாக எழுதுங்கள். கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் உங்கள் பதிவுகள் (கமிட்கள்) இருந்தால் காட்டுங்கள். மொழியைத் திருத்த மட்டும் கருவி பயன்படுத்தியிருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிட்டு, உங்கள் அசல் வரைவைக் கொடுங்கள்.

2023-ல மாடரேட்டர்கள் ஸ்ட்ரைக் பண்ணாங்களாமே, அது இதுக்காகவா?

முக்கியக் காரணம் இதுதான். மாடரேட்டர்கள் தளத்தின் பயனர்களால் தேர்ந்தெடுக்கப்படும் தன்னார்வலர்கள், சம்பளம் கிடையாது. தளத்தை நடத்துவது ஒரு நிறுவனம், 2021-ல் அதை புரோசஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 180 கோடி டாலருக்கு வாங்கியது. 2023 மே மாதக் கடைசியில், ஏஐ எழுதியதாகத் தோன்றுகிறது என்பதற்காக பதில்களை நீக்குவதையும் கணக்குகளை நிறுத்துவதையும் கிட்டத்தட்ட முழுமையாகக் கைவிடும்படி நிறுவனம் மாடரேட்டர்களுக்குச் சொன்னது. தவறான சந்தேகத்தில் உண்மையான பயனர்கள் விரட்டப்படுகிறார்கள் என்பது அதன் வாதம். டிடெக்டர்களை மட்டும் நம்பி நாங்கள் முடிவெடுப்பதில்லை என்பது மாடரேட்டர்களின் பதில். அவர்களிடம் தனியாகக் கொடுத்த உத்தரவு, வெளியே அறிவித்த கொள்கையைவிடக் கடுமையாக இருந்ததும் கோபத்தைக் கூட்டியது.

ஜூன் 5 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தார்கள். ஸ்பேம் பதிவுகளைப் பிடித்துத் தந்த ஸ்மோக்டிடெக்டர் என்ற தன்னார்வக் கருவியும் நின்றது. ஆகஸ்டில் பேச்சுவார்த்தைக்குப் பிறகு முடிவுக்கு வந்தது. குறிப்பிட்ட சில வகை அடையாளங்கள் இருந்தால் மாடரேட்டர்கள் நடவடிக்கை எடுக்கலாம் என்று புது ஏற்பாடு வந்தது. இரண்டு பக்கமும் சொன்னதில் உண்மை இருந்தது என்று நான் நினைக்கிறேன். நிறுவனத்தின் கவலைக்கு மேலே சொன்ன ஸ்டான்ஃபோர்டு ஆய்வே சாட்சி. ஆனால் அந்தக் கவலையை வைத்து, ஒரே மாலையில் முப்பது பதில் கொட்டுகிற கணக்கைக்கூடத் தொடாதே என்று சொன்னது பெரிய தவறு.

நாம எழுதினதை வச்சுத்தான் ஏஐ படிச்சது. கம்பெனி ஓபன்ஏஐ கூட டீல் போடலாம், நாம ஏஐ பதில் போடக்கூடாதா? இது என்ன நியாயம்?

நியாயமான கோபம். 2024 மே மாதம் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஓபன்ஏஐ-யோடு ஒப்பந்தம் அறிவித்தது. எதிர்ப்பாகச் சிலர் தங்கள் பழைய பதில்களை அழித்தார்கள், சிதைத்தார்கள். தளம் அவற்றை மீட்டு, அந்தக் கணக்குகளைச் சில நாள் நிறுத்தி வைத்தது. அங்கே எழுதுவது எல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் போகிறது. யாரும் பயன்படுத்தலாம், ஆனால் எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும், அதே உரிமத்தில் பகிர வேண்டும். ஏஐ ஒரு பதிலைத் தரும்போது அது யாருடைய பதிலிலிருந்து வந்தது என்று சொல்வது அபூர்வம். பெயர் போடச் சொல்வது ஒன்றே எழுதியவர்கள் கேட்ட கூலி. அதுகூட இல்லாமல் போவது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது.

ஆனால் இது வேறு கணக்கு, ஏஐ பதிலைப் போடுவது வேறு கணக்கு. நிறுவனம் செய்தது பிடிக்கவில்லை என்பதற்காக ஏஐ பதிலைக் கொட்டினால் அதன் கஷ்டம் நிறுவனத்துக்குப் போவதில்லை. நாளைக்கு அதே பிழைச் செய்தியோடு தேடி வருகிற ஒரு மாணவரிடம் போகும். நிறுவனத்தோடு சண்டை போட, தளத்தைப் பற்றியே விவாதிக்கும் அதன் மெட்டா பக்கம் இருக்கிறது, எழுதுவதை நிறுத்தும் உரிமையும் இருக்கிறது.

இப்ப எல்லாரும் நேரா ஏஐ-கிட்டயே கேட்டுக்கிறாங்க. அங்க கேள்வி கேட்கவே ஆள் இல்லையே, இதெல்லாம் எதுக்கு?

ஆள் குறைந்தது உண்மைதான். சாட்ஜிபிடி வந்த ஆறு மாதத்தில், அது எளிதாகக் கிடைக்காத ரஷ்ய, சீனத் தளங்களோடு ஒப்பிடும்போது ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் நடமாட்டம் 25% குறைந்தது என்று 2024-ல் வெளிவந்த ஒரு ஆய்வு சொல்கிறது. எளிய கேள்விகள் ஏஐ-யிடம் போவதில் எனக்கு வருத்தமில்லை, சொல்லப்போனால் நல்லதுதான்.

ஆனால் நேற்று வெளிவந்த நூலகத்தில் இன்று வருகிற பிழைக்கு ஏஐ எங்கிருந்து பதில் எடுக்கும்? யாரோ ஒருவர் மாட்டிக்கொண்டு, தடுமாறி, வழி கண்டுபிடித்து, பொதுவில் எழுதி வைத்தால்தான். அந்த இடத்திலும் ஏஐ எழுதியதே நிரம்பினால் அடுத்த ஏஐ அதையே படிக்கும். மாதிரிகள் தாங்கள் உருவாக்கியதையே திரும்பத் திரும்பப் படித்தால் தரம் சரிந்துகொண்டே போகும் என்று 2024 ஜூலையில் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. அதே ஆண்டு மே மாதம் கூகுளின் ஏஐ, பீட்சாவில் சீஸ் நழுவாமல் இருக்கப் பசை சேர்க்கச் சொன்னது. பல வருடங்களுக்கு முன் ரெட்டிட்டில் ஒருவர் விளையாட்டாக எழுதியது அது. பொதுவெளியில் ஒரு வரி எழுதினால் அது எங்கெல்லாம் போய்ச் சேரும் என்று இப்போது நமக்குத் தெரியும். அதனால்தான் முன்பைவிடக் கவனமாக இருக்கச் சொல்கிறேன்.

நாங்க காலேஜ்ல ஒரு டெலிகிராம் குரூப் நடத்துறோம், தமிழ்லதான் சந்தேகம் கேட்பாங்க. என்ன விதி வைக்கலாம்?

முழுத் தடை வேண்டுமா என்பதை உங்களிடம் சரிபார்க்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். இரண்டு பேர்தான் என்றால் தடையே நல்லது, உங்களால் துரத்திக்கொண்டு ஓட முடியாது. அனுமதிப்பதாக இருந்தால், ஏஐ உதவி வாங்கியதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும், எந்தப் பதிப்பில் ஓட்டிப் பார்த்தார், என்ன வெளிவந்தது என்பதைச் சேர்க்க வேண்டும் என்று வையுங்கள். இந்த இரண்டாவது நிபந்தனை ஒன்றே சோம்பேறிப் பதில்களில் பெரும்பகுதியை நிறுத்திவிடும். உடம்பு, மருந்து, வழக்கு, கடன் சம்பந்தமான கேள்விகளுக்கு ஏஐ பதில் கூடவே கூடாது. தமிழில் வரும் பதில்களில் கலைச்சொல் சரியா என்று ஒரு ஆள் பார்ப்பதும் அவசியம். வாக்கியம் சரளமாக இருக்கும், சொல் வேறு பொருளில் நிற்கும்.

மீறுகிறவரை எடுத்தவுடன் குழுவிலிருந்து நீக்காதீர்கள். தனிச் செய்தியில் கூப்பிட்டு, "இந்தப் படியை ஏன் செய்யணும்னு கொஞ்சம் விளக்குப்பா" என்று கேளுங்கள். புரிந்து எழுதியவர் விளக்கிவிடுவார். புரியாதவர் பெரும்பாலும் தானே ஒப்புக்கொண்டு பதிலை எடுத்துவிடுவார், அடுத்த முறை கவனமாக இருப்பார். திரும்பத் திரும்பச் செய்தால் மட்டும் சில நாள் எழுத முடியாமல் செய்யுங்கள். டிடெக்டர் முடிவைக் குழுவில் பகிர்வதை விதியிலேயே தடுத்துவிடுங்கள், காரணத்தை மேலே விரிவாகச் சொல்லியிருக்கிறேன். விதியை முதல் செய்தியாக மேலே நிலைநிறுத்தி (pin) தேதி போடுங்கள். அந்தத் தேதிக்கு முன் வந்த பதில்களைத் தோண்டி எடுத்து விசாரிக்க வேண்டாம். அவற்றில் தவறு கண்ணில் பட்டால் அந்த இடத்தில் திருத்தம் எழுதினால் போதும்.